மஞ்சள் துணி கட்டிய வேம்பு

வில்லாபுரத்தில் ஒச்சாயியின் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிற வேம்பை நட்டவள் அவளேதான். வார்டில் இலவசமாகக் கன்று கொடுத்தார்கள். கொஞ்சம் தள்ளி நடு என்று சொல்லத்தான் ஆளில்லை. மரத்தைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். சித்திரை வெயிலில் தெருவே கொதிக்கும்போது அவளுடைய இட்லிக் கடைக்கு மட்டும் நிழல். நிழலுக்கு ஒதுங்கியவர்கள்தான் நாலு இட்லியும் குடல் குழம்பும் சாப்பிட்டார்கள்.

கரண்டுக் கம்பியில் உரசுகிறது, மரத்தையே வெட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். பழைய புடவையைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, அடிமரத்தில் கட்டிக் குங்குமமும் வைத்தாள். வெட்ட வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். அன்றைக்கு ஒச்சாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரிப்பெல்லாம் ஆடி மாதம் வரைதான். தெருப் பெண்கள் கூழ்ப்பானையோடு வந்தார்கள். சூலம் நட்டார்கள். ஆத்தா காலடியில் குடல் குழம்பா என்று கடையைத் தெரு முக்குக்குத் துரத்தினார்கள். முக்கில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பயலும் உட்காரவில்லை.

கடை போனால் போகட்டும். வேர் வீட்டுக்கு அடியில் புகுந்து சுவர் விரிசல் விட்டுவிட்டது. ஒற்றை அறை வீடு. அந்தச் சுவரோரம்தான் வாதத்தில் விழுந்த புருஷன் சிவனாண்டியின் கட்டில்; நகர்த்திப் போட வேறு இடமில்லை. மழை பெய்தால் அவள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மரம் வெட்டும் பேயாண்டியைக் கூப்பிட்டாள்.

"ஆத்தா குடியிருக்கிற மரத்துல கை வைக்கச் சொல்றியேக்கா?"

"ஆத்தாவாவது ஒண்ணாவது! துணியக் கட்டுனதே நான்தாண்டா. மரத்தக் காப்பாத்த சும்மா கட்டுனேன்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீயாக்கா கட்டுன? அவதான் ஒன் கையால கட்டிக்கிட்டா. நான் வாரேன்."

துணி போய்விட்டால் அது வெறும் மரம், யார் வேண்டுமானாலும் வெட்டுவார்கள் என்று நினைத்தாள். மறுநாள் மத்தியானம் தெருவில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அரிவாளோடு போனாள். உள்ளே சிவனாண்டி இருமினான். முடிச்சில் அரிவாளை வைத்தாள்.

"மன்னிச்சுக்க தாயி." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

யாரிடம் சொன்னோம் என்று மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் கட்டிய துணி, அவள் வைத்த குங்குமம். ஆனாலும் கை ஓடவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அந்த மரத்தையே கும்பிட்டாள்.

"அந்தச் செவுர மட்டும் விட்டுரு தாயி."