முதலாளி வரும் வரைக்கும்

விஜிலா வேலை பார்த்த அலுவலகத்தில், எந்தக் கப்பலும் சொல்லாமல் வந்ததில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற சரக்குக் கப்பல்களுக்கு ஏஜென்சி வேலை பார்க்கும் இடம் அது. நிலக்கரியோ மரத்தடியோ, எது ஏற்றி வந்தாலும், இன்ன நாள் இன்ன நேரம் வந்து சேருவோம் என்று நடுக்கடலிலிருந்தே தகவல் வந்துவிடும். காற்று மாறித் தாமதமானால் அதையும் சொல்லிவிடுவார்கள். அந்த நேரங்களைத் திருத்தித் திருத்தி நாலு பேருக்கு அனுப்புவதுதான் அவள் வேலை. அவள் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண் அவள்தான். ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பதில் அப்பா அம்புரோசுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவளுக்கு நிச்சயம் செய்திருந்த ரெனிஷின் கப்பலிலிருந்து மட்டும் அப்படி ஒரு நேரத்தை அவளால் வாங்க முடியவில்லை.

அது சரக்கு ஏற்றும் கப்பல் அல்ல. பிரான்சின் தெற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற சொகுசுக் கப்பல். ஒரே ஒரு பணக்காரருக்குச் சொந்தம். முதலில் சரக்குக் கப்பலில் ஏறிய ரெனிஷ், இதில் வேலை சுத்தம், சாப்பாடு நல்லது என்று மாறிப் போனான். உலகத்துக் கப்பல்களெல்லாம் எங்கே நிற்கின்றன என்று காட்டும் வரைபடம் அலுவலகக் கம்ப்யூட்டரில் உண்டு. வேலைக்கு நடுவே விஜிலா அதைத் திறந்து பார்ப்பாள். மற்ற கப்பல்களின் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். இந்தப் புள்ளி மட்டும் ஆணியடித்தது போல நிற்கும்.

அலுவலக முதலாளி பாண்டியராஜன் ஒருநாள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நம்ம மாப்பிள்ளை கப்பல்ல என்ன சரக்கு?"

"ஆளுதான் அண்ணாச்சி."

"எத்தனை ஆளு?"

"ஒருத்தரு. அவரும் இன்னும் வரல."

பாண்டியராஜன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சிரிச்சுட்டேனே தவிர, எனக்கும் அப்படி ஒண்ணு கிடைச்சா வேண்டாம்னு சொல்ல மாட்டேன். காசு சேரச் சேர மனுசனுக்கு ஆளு அண்டாத இடம் ஒண்ணு வேணும் பாத்துக்கோ. வீட்டுக்குன்னா வாசல் இருக்கு, எவனாவது வந்து தட்டுவான். கடலுக்கு ஏது வாசல்?"

அந்த ஆசை யாருக்கு எப்படியோ, விஜிலாவுக்கு அதனால் கலியாணம் இரண்டு முறை நின்றது.

கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவியுங்கள் என்று பூசை முடிவில் உபதேசியார் மரியான் வாசிப்பார். போன ஐப்பசியில் மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. சேலையும் எடுத்தாயிற்று. ரெனிஷ் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கேப்டன் லீவை ரத்து செய்துவிட்டார். கப்பல் முதலாளி வருகிறாராம்.

முதலாளி வரவில்லை. விஜிலா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். புள்ளி அசையவே இல்லை.

ஈஸ்டர் முடிந்து மறுபடியும் ஓலை வாசித்தார்கள். மறுபடியும் முதலாளி வருகிறார் என்றார்கள். அப்போதும் வரவில்லை.

அன்றைக்கு அவள் போனில் கேட்டாள். "வராத மனுசருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கப்பலு?"

"வரலாம்ல, விஜி. நினைச்சா அந்த நிமிசமே வரலாம். அதுதான் அவருக்கு வேணும். அவரு மெத்தைக்கு வாரம் தவறாம விரிப்பு மாத்துதோம். யாரும் படுக்கல. பூச்சாடியில பூ வாடினா புதுப் பூ வைக்கோம். யாரும் பாக்கல. காலையில மேல்தளத்தை நல்ல தண்ணி விட்டுக் கழுவி, சொட்டு காயுறதுக்குள்ள துடைக்கோம்."

"இங்கன ஒரு குடம் தண்ணிக்கு லாரி எப்ப வரும்னு தெருமுனையில நிக்கோம். அங்கன கப்பலுக்குத் தினமும் குளியலாக்கும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது அவளுக்குக் கேட்டது. தண்ணீர்க் கறை இல்லாமல் அவன் துடைத்த இடத்தில் முகம் பார்க்கலாம் என்று வீடியோ எடுத்து அனுப்புகிறவன்தானே.

"அவரு கப்பலை வாங்கல. நீங்க காத்துக் கிடக்கியளே, அதை வாங்கியிருக்காரு" என்றாள் விஜிலா.

ஆனி மாதத்தில் அவன் இன்னொரு செய்தி சொன்னான். முதலாளி இந்தக் கப்பலை விற்கப்போகிறார்; இதைப்போல ஒன்றரை மடங்கில் புதிதாக ஒன்று கட்டுகிறார். ஹாலந்தில் வேலை தொடங்கிவிட்டது. ரெனிஷை அங்கே போசனாக, தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவனாகக் கூப்பிடுகிறார்கள்.

"கட்டுற இடத்துல பணக்காரங்க வரிசையில நிக்காங்களாம். இதுக்கு அழிவே இல்ல விஜி. வருங்காலம் பூரா இதுலதான். இன்னும் ரெண்டு வருசம் பொறுத்துக்கிட்டா..."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்புரோஸ் குறுக்கிட்டார். "கடல்ல முத்துக் குளிக்கிற சலாபம் நடந்த காலத்துல, முத்தைப் போட்டு அழகு பாத்தவன் எவனாவது தண்ணிக்குள்ள இறங்கினானா? மூச்சைப் பிடிச்சு இறங்கினது நம்ம ஆளுவ. இப்பமும் அப்படித்தான் இருக்கு. எம் பிள்ளையால இதுக்கு மேல மூச்சுப் பிடிக்க முடியாது."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜாய்சனுக்கு விஜிலாவைத் தருவதாக அவன் வீட்டுக்கு அவர் வாக்குக் கொடுத்தது அதற்கடுத்த வாரம். மாதா கோயில் திருவிழா முடிந்ததும் முதல் ஓலை என்று பேசினார்கள்.

விஜிலா ரெனிஷுக்கு எழுதினாள். 'அப்பா வாக்குக் கொடுத்துட்டாங்க. ஓலை வாசிக்கும் முன்னால நீங்க வரும் நாளை மட்டும் சொல்லுங்க. நான் அப்பா காலில் விழுந்தாவது நிறுத்துகிறேன்.'

பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. அலுவலகத்தில் வரைபடத்தைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

முதலாளி வந்துவிட்டார். அவர் கப்பலில் இருக்கும் நாட்களில் வேலைக்காரர்களின் போன்களையெல்லாம் வாங்கிப் பூட்டிவிடுவார்கள் என்று ரெனிஷ் முன்பே சொல்லியிருந்தான். அவள் எழுதியதை அவன் படித்திருக்க மாட்டான். இரண்டு தடவை வராமல் கலியாணத்தை நிறுத்திய மனிதர், இந்தத் தடவை வந்து பேச்சையும் நிறுத்திவிட்டார். புள்ளி ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போவதை அவள் நாள்தோறும் பார்த்தாள். கண் முன்னால் போகிறான், கூப்பிட்டால் கேட்காது.

"அப்பா, இன்னும் ஒரு வாரம் தள்ளி வைங்க" என்றாள்.

"ரெண்டு தடவை ஓலை வாசிச்சுக் கலியாணம் நின்ன வீடு இது. ஜாய்சன் வீட்டுல என்ன சொல்லிட்டு நான் தள்ளி வைப்பேன்?" அம்புரோஸ் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் எதிர்த்துப் பேச முடியாமல் போனது.

திருவிழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரியான் மைக் முன்னால் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"நமது பங்கைச் சேர்ந்த அம்புரோஸ் மகள் விஜிலாவுக்கும், நமது பங்கைச் சேர்ந்த ஹில்டா மகன் ரெனிஷுக்கும்..."

வாசித்து வாசித்துப் பழகின வாய். கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே பழைய பெயரைச் சொல்லிவிட்டது. ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். "ஓலைக்குக்கூட மனப்பாடம் ஆயிட்டுலே" என்று ஒரு குரல் கேட்டது. பெண்கள் பக்கத்தில் எல்லோரும் ரெனிஷின் அம்மா ஹில்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மகன் பெயர் காதில் விழுந்ததும் ஹில்டா தன்னையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டிருந்தாள். போட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மரியான் தொண்டையைச் செருமி, மன்னிப்புக் கேட்டு, ஜாய்சன் பெயரைச் சேர்த்து மறுபடி வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று முடித்தார். விஜிலா தலை நிமிரவில்லை. அவள் அறிந்த தடையை எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்வது?

வெளியே வேப்பமரத்தடியில் ஹில்டா அவள் கையைப் பிடித்தாள்.

"உம்மேல எனக்கு வருத்தம் இல்லளா. நான் உன்னைப் பெத்தவளா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்."

"மாமி..."

"அவனுக்கு நான் சொல்லிக்கிடுதேன். நீ அழாம போ."

வீட்டுக்கு வந்து முக்காட்டைக் கூட எடுக்கவில்லை, போன் அடித்தது. ரெனிஷ்.

"விஜி, இப்பத்தான் போனைக் கையில தந்தாங்க. நீ எழுதினதைப் படிச்சேன். இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர் பீய்ச்சும் ஓசை கேட்டது.

"வாசிச்சாச்சா?"

"ஒண்ணு வாசிச்சாச்சு. இன்னும் ரெண்டு இருக்கு."

"நான் வாரேன் விஜி. சத்தியமா வாரேன்."

"என்னைக்கு?"

"அவரு புதன்கிழமை இறங்குதாருன்னு பேச்சு. இறங்கிட்டாருன்னா... இல்ல, அவரு சேக்காளி ஒருத்தர் வாரதாவும் சொல்லுதாங்க. அது தெரிஞ்சதும்..."

"ஒரு நாளைச் சொல்லுங்க. தள்ளிக்கூடச் சொல்லுங்க. ஆனா ஒரு நாளைச் சொல்லுங்க."

பின்னாலிருந்து யாரோ இங்கிலீஷில் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போனைப் பொத்திக்கொண்டு அங்கே ஏதோ பதில் சொன்னான். அவள் காத்திருந்தாள்.

"வையி விஜி. கூப்பிடுதேன்" என்றான்.

அடுத்த இரண்டு ஓலைகளையும் மரியான் பிழையில்லாமல் வாசித்தார்.