தாத்தாவின் பெயரும் தகப்பனின் இரத்தமும்

ஹெஸ்டர் சுசன்னா லாட்டெகன் (1934–2008). தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்துச் சிற்றூர் ஒன்றில், தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர்.

1969-இல் அவருடைய கணவர் டானியல், ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வயது முப்பத்தொன்பது. மாமனார் ஸ்கால்க் அதேபோல் இறந்தது நாற்பத்திரண்டு வயதில். அன்றுமுதல் ஹெஸ்டரின் அச்சம் முழுவதும் மூத்த மகன்மேல் குடியேறியது. அவர்கள் வழக்கப்படி மூத்தவனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர். எனவே அவன் ஸ்கால்க். இளையவனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர், அவன் பேரண்ட். யார் பெயரோ அவர் உடல்வாகு என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். ஹெஸ்டரின் தந்தையோ எண்பத்தெட்டு வயதுவரை கொழுப்பைத் தின்று திடமாக வாழ்ந்தவர்.

ஆகவே ஸ்கால்க்கின் தட்டில் கொழுப்பு விழவில்லை. புகையிலையை அவன் தொடவும் ஹெஸ்டர் விடவில்லை. வாட்டிய செம்மறி வால்கொழுப்பில் அண்ணன் பங்கும் பேரண்டுக்கே போயிற்று. பதினேழு வயதில் அவன் புகைக்குழாயைப் பற்றவைத்தபோதும் ஹெஸ்டர் கண்டுகொள்ளவில்லை.

1992-இல் தேவாலயக் கூடத்தில் இரத்தக் கொழுப்புப் பரிசோதனை நடந்தது. ஸ்கால்க்குக்கு முப்பத்தேழு ஆகியிருந்தது. முப்பத்தொன்பது நெருங்க நெருங்க ஹெஸ்டருக்கு உறக்கம் போயிருந்தது. அவனை வற்புறுத்தி அழைத்துச் சென்றார். வண்டியோட்டி வந்த பேரண்ட் வாசலில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தான். வெளியே வந்த பெண் மருத்துவரின் கண், அரைக்காற்சட்டைக்குக் கீழே தடித்திருந்த அவனுடைய குதிகால் நரம்பில் நின்றது. பிறகு கையைப் பிடித்துப் புறங்கையில் புடைத்திருந்த முடிச்சுகளை அழுத்திப் பார்த்தார்.

"வேலிக்கம்பி இழுத்துக் காய்ச்சுப்போச்சு டாக்டர்," என்றான் பேரண்ட்.

"ரெண்டு குதிகாலாலயும் கம்பி இழுப்பீங்களோ? உங்கப்பா கையிலயும் இப்படி இருந்துச்சா?"

ஹெஸ்டருக்கு, ஞாயிறுதோறும் ஆராதனையில் கோத்துக்கொண்ட டானியலின் கை நினைவுக்கு வந்தது. அதே இடம், அதே முடிச்சுகள்.

மருத்துவர் அவனுடைய இரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் இருவர் முடிவுகளும் வந்தன. ஸ்கால்க்குக்குக் குறையொன்றுமில்லை. பேரண்டுக்குக் கொழுப்பு, இருக்கவேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முடிச்சுகளாய்த் திரளும் இந்தக் கொழுப்புக் கோளாறு பிள்ளையின் பெயரைப் பார்த்து வருவதில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் மருத்துவர். பிறந்ததுமுதல் இரத்தக் குழாய்களில் படியும் கொழுப்போடு புகையும் இரத்த அழுத்தமும் சேர்ந்தால் மாரடைப்பு இன்னும் விரைவில் வருமாம். ஆணுக்கு மேலும் முன்னதாகவே வருமாம். ஹெஸ்டர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறிய கைகள்.

வீடு திரும்பியதும் பேரண்ட் புகைக்குழாயை எடுத்தான். "நான் தாத்தா வாகும்மா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"பேரை நான்தாண்டா வச்சேன். ரத்தத்த உங்கப்பா வச்சுட்டுப் போயிட்டார். அதைக் கீழ வை."

அவன் அதைக் கீழே வைத்தான். மாத்திரையும் தொடங்கினான்.

அதன்பின் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு, முந்தைய நாள் மாத்திரையைக் கேட்கும் சாக்கில், ஹெஸ்டர் அவனுடைய பண்ணைக்குத் தொலைபேசியில் அழைப்பார். மூன்றாவது மணியோசை கடந்தால் வண்டிச் சாவியைத் தேடுவார். ஒருநாள் பதினைந்து முறை மணி ஒலித்து ஓய்ந்தது. காலணிகூட இல்லாமல் வண்டியை எடுத்துப் போனவருக்குக் கதவைத் திறந்தவன், தலை ஈரத்தோடு நின்றான்.

"குளிக்கவும் விடமாட்டியாம்மா?"

"குளி. ஆறு மணிக்குக் குளிக்காதே."

1997-இல் பேரண்டுக்கு முப்பத்தொன்பது ஆயிற்று. அந்த ஆண்டு முழுவதும் மாலையிலும் ஒருமுறை அழைத்தார். ஆண்டு கழிந்தது, மாலை அழைப்பு நிற்கவில்லை.

2008 ஜூன் 9, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஹெஸ்டர் தம் சாவுக்கு முன் கடைசியாக அந்த எண்ணை அழைத்தார். ஐம்பது வயதுப் பேரண்ட் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.