பன்னிரண்டு படங்களின் பின்புறம்

எங்கள் மாம்பலம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்ட படங்கள் பதினொன்று தொங்குகின்றன. பன்னிரண்டாக இருந்தவை. மற்றொன்று இருந்த இடத்தில் ஆணி மட்டும் நிற்கிறது. அதைப் பிடுங்கிவிடும்படி என் கணவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் பிடுங்கவில்லை.

எல்லாம் என் தம்பி தன் கையால் போட்ட சித்திரக்கதைப் பக்கங்கள். யுத்த காலத்தில் அவன் எங்களோடு தங்கியிருந்தான். பகலில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. சாயங்காலங்களில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் படம் போடுவான். கதை ஒரு ஜட்காக்காரரையும் அவர் சொல் கேளாத குதிரையையும் பற்றியது. வாரம் ஒரு பக்கம், ஆறு கட்டம். மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் கீரைக்காரியின் கூடையில் குதிரை வாய் வைக்கும். கல்யாண கோஷ்டியை ஏற்றிக்கொண்டு அடையாற்றுப் பாலத்தின் நடுவில் நின்றுவிடும். கடைசியாக அச்சான வாரத்தில் அது வாரை அறுத்துக்கொண்டு ஓடிப்போயிற்று. குதிரையில்லாத வண்டியின் பக்கத்தில் ஜட்காக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். அந்த வாரந்தான் தம்பிக்கு விஷஜுரம் கண்டது.

என் மூத்த பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. அறைக்குள் போகக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நிலைப்படிக்கு வெளியே நின்று கேட்பாள்.

"மாமா, குதிரை திரும்பி வந்துடுமா?"

"எல்லாம் போட்டு வச்சுட்டேன்டி கண்ணு. நீ போய்ச் சாப்பிடு."

ஜுரத்தில் பேசுகிறான், குழந்தையைச் சமாதானப்படுத்துகிறான் என்று நினைத்தேன். பதினெட்டாம் நாள் போய்விட்டான்.

அவன் பெட்டியில் அந்தப் பன்னிரண்டு தாள்களும் இருந்தன. அச்சடிக்க பிளாக் எடுத்தபின் பத்திரிகை ஆபீசில் குப்பைக்குப் போக வேண்டியவை. நல்ல தாள் கிடைக்காத காலம் என்பதால், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று ஒவ்வொரு வாரமும் கேட்டு வாங்கி வந்துவிடுவான். பின்பக்கம் பென்சில் கோடுகள் இருந்ததை நானும் பார்த்தேன். சும்மா கை பழகியிருக்கிறான் என்று எண்ணினேன். உற்றுப் பார்க்கத் தைரியமும் இல்லை. அவனுடைய கோடு என்று தெரிந்தாலே கண்ணீர் மறைத்துவிடும்.

தாள் மடிந்துவிடும், கைக்குழந்தை கிழித்துவிடும் என்றெல்லாம் பயந்து, மயிலாப்பூர் மாடவீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடைக்கு எடுத்துப் போனேன். பெட்ரோல் கிடைக்காததால் கரிவாயுவில் ஓடிய பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்று நின்று போயிற்று. இடுப்பில் இருந்த சின்னவனுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. தம்பி போனதிலிருந்து குழந்தைகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. அன்று தொட்ட கையை எடுக்கவே முடியவில்லை.

கடைக்காரர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வழக்கம் ஒன்றுதான். எந்தப் படமானாலும், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையைப் பின்பக்கம் தடவி அட்டையில் ஒட்டித்தான் சட்டம் போடுவார்.

"ஒட்டாம போட்டா மழைக்கு அலை அலையா எழும்பிக்கும்மா. ஆனா பின்னால பென்சில்ல இன்னாவோ கீதே. ஒட்டினா அது போச்சு."

"கிறுக்கலா இருக்கும். ஒட்டிடுங்க."

"நல்லா ரோசனை பண்ணிக்கினு சொல்லும்மா. அப்புறம் வந்து என்னைக் கேக்கக் கூடாது."

"யோசிச்சாச்சு. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, நான் போகணும்."

அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். அன்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. சின்னவனுக்கு வந்தது பல் முளைக்கிற சூடு. மறுநாளே சரியாகிவிட்டது.

படங்களைக் கூடத்தில் இரண்டு வரிசையாக மாட்டினோம். சாவு நடந்த வீட்டில் சிரிப்புப் படமா என்று வந்தவர்கள் கேட்டார்கள். அவன் போட்டோவைவிட எனக்கு இவைதான் அவனைப்போல இருந்தன.

நாலு மாதம் கழித்துப் பத்திரிகையின் உதவியாசிரியர் வந்தார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பத்திரமா வச்சிருக்கீங்க. பின்பக்கம் கொஞ்சம் பாக்கலாமாம்மா?"

எதற்கு என்று கேட்டேன்.

"மீதிக் கதை பூராவும் பென்சில்ல போட்டாச்சு, பழைய பக்கங்களுக்குப் பின்னாடியே இருக்கு, மை போடறதுதான் பாக்கின்னு உங்க தம்பி சொல்லியிருந்தார். வேற ஆளை வச்சு மை போட்டு, அவர் பேர்லயே முடிச்சுடலாம்னு வந்தேன்."

ஒட்டிவிட்டதைச் சொன்னேன். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தரையில் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி மாடவீதிக்குப் போனேன். ஊறவைத்தால் வருமா என்று கேட்டேன்.

"வந்தாலும் வரும். முன்னால கீற படமும் சேந்து போனாலும் போவும். நான் கை வைக்க மாட்டேன்மா, மனசு வரல."

எதை ஊறவைப்பது என்று பத்து நாள் திகைத்தேன். கதையின் முடிவு எதன் பின்னால் இருக்கும்? கடைசிப் பக்கத்திலா? அது கெட்டுவிட்டால்? கடைசியில், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். தம்பி போட்டதில் பிடிக்காதது என்று ஒன்றைப் பொறுக்கியெடுத்ததே பாவமாகத் தோன்றியது. பிற்பகலில் அண்டாவில் வெந்நீர் விட்டு அட்டையோடு அமிழ்த்தினேன். மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டாள்.

தாள் அட்டையிலிருந்து வரவில்லை. தனக்குள்ளேயே ஏடு ஏடாகப் பிரிந்தது. ஜட்காக்காரரின் தலைப்பாகை என் விரலோடு வந்துவிட்டது. அதன் பிறகு நிறுத்தவும் வழியில்லை. கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தேறியது. அதில் ஒரு குட்டைச் சுவர், அதன் ஓரத்தில் ஒரு வால். கீழே அவன் கையெழுத்தில், "அக்காவைக் கேட்கணும்." என்ன கேட்கணும் என்பது இருந்த இடம் கூழாகிவிட்டது. படம் போடும்போது, புடவைக் கொசுவம் எந்தப் பக்கம் விழும், முறத்தை எப்படிப் பிடிப்பாய் என்று இப்படி எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பான். "போடா, அடுப்புல வேலை இருக்கு" என்று எத்தனை முறை விரட்டியிருக்கிறேன்.

"இது குதிரையோட வாலாம்மா?"

"ஆமா."

"வருதா, போகுதா?"

சுவருக்கு எந்தப் பக்கம் தெரு என்று அந்தத் துண்டில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே அவளிடம் சொன்னேன்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகிறது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். குதிரையைப் பற்றிக் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடிகளைத் துடைக்கும்போது, இன்னொன்றை ஊறவைத்துப் பார்க்கலாமா என்று தோன்றும். துடைத்துவிட்டு, இருந்தபடியே மாட்டிவிடுகிறேன். சென்ற மழையில் இரண்டு படங்களின் ஓரத்தில் பழுப்பு ஏறியிருக்கிறது. நான் ஒன்றும் செய்யாவிட்டாலும் அவை போய்க்கொண்டுதான் இருக்கின்றன.