எச்சரிக்கை தோன்றாத பிற்பகல்

1. வெள்ளைத் தாள்கள்

“மிஸ், பைல் எல்லாம் வெள்ளையாப் போயிருச்சுங்க. பேரு மட்டும் என்னமோ புரியாத எழுத்துல இருக்கு.”

மாத்தளை நகரில், நான் வேலை செய்யும் கணினி திருத்தும் கடையின் மேல்மாடியில் இருந்தபோது இந்தக் குரல் தொலைபேசியில் வந்தது. பேசியவர் செல்வராணி. அலுவிகாரைப் பக்கம் பிரதான வீதியோரமாக இருக்கும் மிளகு, கராம்பு போன்ற வாசனைத் திரவியங்களைச் சேர்த்துவைக்கும் ஸ்டோர் ஒன்றின் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், எழுதுவினைஞர். அந்த ஸ்டோரின் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது.

“ஒண்ணையும் தொடாதீங்க. இன்டர்நெட் வயரை மட்டும் கழட்டி வைங்க. நான் வாறேன்” என்றேன்.

இத்துறைக்கு இப்போது வரும் தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன். நான் இதில் இருப்பது ஆறே ஆண்டுகள்தாம். ஆயினும் ஒரு முழுத் தொழில்வாழ்வுக்குப் போதுமான பாடத்தை எனக்கு அந்த ஒரு பிற்பகல் தந்தது.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. பஸ்ஸின் கண்ணாடியில் நீர்த்துளிகள் ஒன்றையொன்று தேடி ஓடிக் கலந்தன. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிகள் ஈரத்தில் மிதந்து வருவனபோல் எதிரே தோன்றி, ஓசையற்று மறைந்தன. ஸ்டோரின் வாசலில் இறங்கியதும் கராம்பின் வாசம் என்னைச் சூழ்ந்தது. அந்த வாசத்துக்குள் நுழைகிறவருக்கு நேரம் சற்றே மெதுவாகும். உள்ளே மிளகு ஒரு கரிய ஏரியாய்ப் பரந்து கிடந்தது. அதன் கரையில், சிறிய கந்தோர் அறையில், கணினித் திரை முழுவதும் வெற்றுத் தாள்கள். பெயர் தெரியாத பூவொன்றின் இதழ்கள் உதிர்ந்து கிடப்பனபோல் இருந்தன. அழகாகவும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

உரிமையாளரான ஹாஜியார் அந்த அழகில் மயங்கும் நிலையில் இல்லை.

“வாங்க மகள். இந்தப் புள்ள செஞ்ச வேலயப் பாருங்க. வெள்ளிக்கிழம கப்பலுக்குப் போற மொளகுட ரிப்போர்ட் எல்லாம் இதுக்குள்ளதான் ஈக்கி. வந்த மெயில ஒண்ணும் பாக்காம தொறந்திருக்கா. வேலைக்கி வந்து ஆறு மாசம் முடிய இன்னும் ஒம்பது நாள் ஈக்கி. நிரந்தரக் கடிதம் இனி இல்ல. அந்த ஒம்பது நாளோட வீட்டுக்குப் போகட்டும்.”

செல்வராணி சுவரோடு நின்றார். கொழும்பில் ஆடை தைக்கும் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, தன் ஐந்து வயது மகளோடு ஒரே கூரையின்கீழ் உறங்குவதற்காகத் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பியவர் அவர். இந்த வேலை போனால் மீண்டும் கொழும்புதான். மகள் மீண்டும் தொலைபேசித் திரையில் தெரியும் ஒரு முகமாகிவிடுவாள். இதை அவர் என்னிடம் சொன்னது வேறொரு நாளில். அன்று அவர் சொன்னது ஒன்றுதான்.

“பாக்காமத் தொறக்கல மிஸ். மஞ்சள் வருதான்னு பாத்தேன். பத்து வரைக்கும் எண்ணினேன். வரலங்க.”

2. நான் ஆற்றிய உரை

அவர் பத்துவரை எண்ணியதற்குக் காரணம் நான்.

மூன்று மாதங்களுக்கு முன், ஸ்டோரின் பன்னிரண்டு பணியாளரையும் மூட்டைகள்மேல் அமரவைத்து, கணினிப் பாதுகாப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பாடசாலைக் காலம் தொட்டு விவாத மேடைகளில் நின்றவள் நான். எங்கே குரலை உயர்த்துவது, எங்கே மௌனத்தை நிறுத்திவைப்பது, எந்தச் சொல்லில் கைதட்டல் எழும் என்பனவெல்லாம் எனக்குத் தெரியும். அலமாரியில் கேடயங்களுக்கு இடம் போதாது. அந்தப் பெருமிதத்தோடுதான் அன்றும் நின்றேன்.

விவாத மேடையில் ஒரு வழக்கம் உண்டு. நேரம் முடியப் போகிறது என்றால் மணி அடிப்பார்கள். மணி அடிக்காதவரை பேச்சாளருக்கு அச்சமில்லை. இருபது ஆண்டு மேடை வாழ்வில் நான் அந்த மணியை நம்பாத நாள் இல்லை. அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி வந்து கணினிக்குள் வைத்தேன்.

“இணையத்தில் இருந்து இறங்கும் கோப்பைத் திறக்கும்போது, கணினி உங்களை எச்சரிக்கும். மஞ்சள் பட்டை தோன்றும், ‘இது நம்பத்தக்கதா?’ என்று கேட்கும். அது தோன்றினால் நில்லுங்கள். பத்துவரை எண்ணியும் தோன்றாவிட்டால் அஞ்சாது செல்லுங்கள்!” என்று முழங்கினேன்.

கைதட்டல் எழுந்தது. கடைசி இரண்டு வாக்கியங்களையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, செல்வராணியின் மேசைக்கு மேலே சுவரில் நானே ஒட்டினேன். மஞ்சள் தாளில்.

3. ஜொப் கார்ட்

வந்த மின்னஞ்சல் வழக்கமாக மிளகு வாங்கும் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. ‘மாதிரிப் பரிசோதனை அறிக்கை’ என்று தலைப்பு. இணைப்பைத் திறந்தால், யுஎஸ்பி செருகியதுபோல ஒரு புதிய டிரைவ் தோன்றும். அதனுள்ளே ஒரேயொரு கோப்பு. செல்வராணி அதைத் திறந்திருக்கிறார். அதிலிருந்த நச்சுநிரல் கணினியின் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டது.

கடந்த வாரம் எடுத்த பெக்கப், தனியான ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து மீட்கும் வேலையைத் தொடங்கிவிட்டு, பழுது விவரம் எழுதும் ஜொப் கார்டை எடுத்தேன். ‘பழுதுக்கான காரணம்’ என்ற கட்டம் இருந்தது. அதில், எங்கள் தொழிலில் எல்லோரும் எழுதும் இரண்டு சொற்களை எழுதினேன்: ‘பயனர் கவனக்குறைவு’.

ஒரு கணமும் யோசிக்காமல் எழுதினேன். அதுதான் இன்று என்னை உறுத்துகிறது.

திரையில் பச்சைக் கோடு மெல்ல மெல்ல வளர்ந்தது. வெளியே பெண்கள் மிளகைக் கிளறும் ஓசை, தூரத்துக் கடல்போல் வந்து வந்து போனது. அந்த ஓசையினூடே ‘பத்து வரைக்கும் எண்ணினேன்’ என்ற குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. பொய் சொல்கிறவர் எண்ணிக்கை சொல்வாரா?

என் மடிக்கணினியை எடுத்தேன். தீங்கற்ற ஒரு சிறிய கோப்பைச் செய்து, டிரைவாகத் தோன்றும் அதே வகை உறைக்கோப்புக்குள் வைத்து, எனக்கே அனுப்பி, இறக்கித் திறந்தேன். உள்ளிருந்த கோப்பைச் சொடுக்கினேன். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்துக்கு மேலும் எண்ணினேன்.

மஞ்சள் வரவில்லை. கேள்வி எழவில்லை. கனவில் கதவுகள் தாமே திறப்பனபோல அந்தக் கோப்பு அமைதியாகத் திறந்துகொண்டது.

இயங்குதளத்திலேயே ஓட்டை. இணையத்திலிருந்து இறங்கும் கோப்பின்மீது அது கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைப் பதிக்கிறது. அந்த அடையாளத்தைக் கண்டால்தான் எச்சரிக்கிறது. ஆனால் இவ்வகை உறையின்மீது பதித்த அடையாளம், உள்ளே இருக்கும் கோப்புக்குச் சென்று சேர்வதில்லை. செல்வராணி எதிலும் தவறவில்லை. என் சொல்லை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருந்தார்.

ஜொப் கார்டில் எழுதியதை அடித்தேன்.

4. சிவப்பு நூல்

ஹாஜியார் முன்னே நின்று, “ஐயத்துக்கு இடமின்றி ஒன்றை நிறுவ விரும்புகிறேன்” என்று தொடங்கினேன்.

“விவாதம் வேணாம் மகள். நடந்ததச் சொல்லுங்க.”

சொன்னேன். அடையாளம், உறை, இயங்குதளம், எச்சரிக்கை நுட்பம் என்று என் சொற்கள் வரிசையாகப் போயின. ஒன்றும் அவரைச் சென்று சேரவில்லை.

“வெளங்கல்ல. கொம்பியூட்டர் பிழையாம், புள்ள சரியாம். இதத்தானே எல்லாரும் சொல்லுவாங்க?”

அதையே இன்னும் கடினமான சொற்களில் மீண்டும் தொடங்கினேன். அப்போது சுவரோரத்திலிருந்து செல்வராணி பேசினார்.

“ஹாஜியார், புதுசா வர்ற மூட்டைக்கு ஈரம் பாக்குற வரைக்கும் செவப்பு நூல் கட்டி வைப்போம்ல?”

“ஓம், கட்டுவோம்.”

“அந்த மூட்டைய யாராச்சும் அவுத்துத் தரையில கொட்டிட்டா? மொளகுல நூல் இருக்குமா? பாக்குறவங்களுக்கு அது நல்ல மொளகாத்தானே தெரியும்? இதுவும் அப்பிடித்தாங்க. மூட்டையிலதான் நூல் இருந்திச்சு.”

ஹாஜியார் அறை வாசலுக்கு வந்தார். மிளகுப் பரப்பைப் பார்த்தார். சென்ற ஆண்டு அவ்வாறுதான் ஈர மூட்டையொன்று தவறிக் கொட்டப்பட்டு, சுற்றியிருந்த மிளகிலும் பூஞ்சணம் பிடித்ததாம். கொட்டியவர் அவரே என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

“அப்ப புள்ள செஞ்சது, நீங்க சொன்னதத்தானா?” என்று சுவரிலிருந்த மஞ்சள் தாளைக் காட்டி என்னைக் கேட்டார்.

“ஓம், ஹாஜியார். நான் சொன்னதுதான் பிழை.”

“அண்டைக்கி எல்லாரையும் வெச்சிப் பேசினீங்க. இதையும் எல்லாரையும் வெச்சிச் சொல்லுங்க.”

பன்னிரண்டு பேரும் வந்து அதே மூட்டைகள்மேல் அமர்ந்தார்கள். எச்சரிக்கை வராவிட்டால் பயமில்லை என்று நான் சொன்னது தவறு என்றேன். செல்வராணி என் சொல்லைக் கேட்டதால்தான் இது நடந்தது என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கைதட்டல் எழவில்லை.

மிளகு கிளறும் மாரியாயி அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

“அன்னிக்கி ஒரு மணி நேரம் பேசுனீங்க மிஸ், எனக்குத் தூக்கந்தான் வந்திச்சு. இன்னிக்கி மூணே பேச்சு, நல்லா வெளங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வராணிகூட. சிரிப்பு அடங்கியதும் அவரே கேட்டார்: “அப்ப இனி எத நம்பித் தொறக்குறது மிஸ்?”

“திரைய மட்டும் நம்பாதீங்க. அனுப்பினவங்களுக்கு கோல் எடுங்க. உங்ககிட்ட இருக்கிற பழைய நம்பருக்கு. மெயில்ல இருக்கிற நம்பருக்கு வேணாம்.”

மஞ்சள் தாளை நானே கிழித்தேன். பசை காய்ந்திருந்ததால் சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. பெக்கப்பில் இல்லாத அந்த வார அறிக்கைகளைக் கையெழுத்துப் புத்தகத்திலிருந்து நானும் செல்வராணியும் இரண்டு நாள் இருந்து மீண்டும் தட்டச்சுச் செய்தோம். வெள்ளிக்கிழமை மிளகு புறப்பட்டது.

5. ஒன்பதாம் நாள்

தம்பி தங்கையரே, நான் கண்டறிந்த பாடம் சிறியது. ‘பயனர் கவனக்குறைவு’ என்று எழுதுமுன், அந்தப் பயனர் செய்ததை உங்கள் கையால் ஒருமுறை செய்து பாருங்கள். எந்தப் பிழையும் யாரோ ஒருவரின் வீட்டுக் கூரைவரை செல்லக்கூடியது.

அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை நிறுவ, ஒன்பதாம் நாள் மீண்டும் ஸ்டோருக்குச் சென்றேன். பிற்பகல் வெயில் கூரைத் தகட்டின் துளைகள்வழியே இறங்கி, மிளகின்மேல் பொற்காசுகளாய் நகர்ந்துகொண்டிருந்தது. செல்வராணியின் கணினியில் ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் இடத்தில், கண்டியிலிருந்து கடிதவேலைகளைப் பார்க்கும் ஹாஜியாரின் மகனின் பெயர். ‘நிரந்தர நியமனக் கடிதம்’ என்ற தலைப்பு. கீழே ஓர் இணைப்பு.

அவருடைய விரல் மவுஸின் மேலே சென்று, நின்று, விலகியது. தொலைபேசியை எடுத்தார்.

“சேர், செல்வராணி பேசுறேன். ஒரு மெயில் வந்திருக்கு. நீங்கதானா அனுப்பினது? பைலுக்கு என்ன பேரு போட்டீங்க? எத்தன பக்கம்?”

ஸ்டோருக்குள்ளிருந்து ஹாஜியார் சத்தமிட்டார். “அது நான்தான் அனுப்பச் சொன்ன! தொறந்து பாருங்க புள்ள!”

“கொஞ்சம் இருங்க ஹாஜியார்” என்றார் செல்வராணி, தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு. “இன்னும் கேட்டு முடியல.”