இரண்டு விரல் ஆட்டம்

மோட்டார் கொட்டகைக்கு வண்டிகள் உண்மையைச் சொல்லிக்கொண்டு வரும். சொந்தக்காரர்கள் பின்னாலேயே வந்து அதை மறுப்பார்கள்.

இர்வின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் சித்தப்பாவின் கொட்டகை இருக்கிறது. பகலில் நான் பி.ஏ. வகுப்பில் தர்க்க சாஸ்திரம் படிக்கிறேன். மாலையிலும் விடுமுறையிலும் கொட்டகை வாசலில் மேஜை போட்டுக்கொண்டு குறைகளை எழுதுகிறேன். வருகிறவர் சொல்லும் குறை, மேஸ்திரி காதர் பாய் கண்ட குறை இரண்டையும் சேர்த்து இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுத வேண்டும். சித்தப்பா கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் மோட்டார் இன்ஸ்பெக்டர் வண்டியை ரோட்டில் ஓட விடுவார். ஐயங்கார் ஆத்துப் பெண் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரலாமா என்று உறவுக்காரர்கள் பேசுவதை இங்கே எழுதப் போவதில்லை. அதற்குத் தனிப் புத்தகமே வேண்டும். தபால் ஆபீஸோ, ரேஷன் கடையோ, பள்ளிக்கூடமோ, ஜனங்களுக்கு எதிரே ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்து வயிறெரிந்தவர் யாராக இருந்தாலும் சரி, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

இரண்டு கால்களிடம் கேட்ட கேள்வி

வக்கீல் ஒருவர் காரோடு வந்தார். முப்பது மைல் வேகத்தைத் தொட்டால் முன் சக்கரம் மலேரியா கண்ட மாதிரி நடுங்குகிறதாம். காதர் பாய் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். நான் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தேன். "இடது கிங்பின் தேய்ந்திருக்கிறது" என்றேன். கிங்பின் என்பது முன் சக்கரம் திரும்புவதற்கான ஆணி. கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி. அது தேய்ந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும். இதையும் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

வக்கீல் என் தலைக்கு மேலே பார்த்தார். ஆண்பிள்ளை யாரும் தென்படவில்லை. காருக்கு அடியிலிருந்து காதர் பாயின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து அந்தக் கால்களைக் கேட்டார்: "மேஸ்திரி, என்னப்பா கோளாறு?" உள்ளேயிருந்து குரல் வந்தது: "அம்மா சொன்னாங்கல்ல சாப், அதேதான்." வக்கீல் மகிழ்ந்துபோய் என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? தெரிஞ்சவா எவ்வளவு தெளிவா சொல்றா!"

முதலாளியின் முன்பல்

இனி வரப்போவதெல்லாம் ஒரே வண்டியின் கதை. புளி மண்டி கோவிந்தராஜு முதலாளியின் பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. அந்தப் பெட்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்று வண்டியைச் செய்தவன் ஒரு கணக்கு வைத்திருப்பான். ஹனூர்க் காட்டுப் புளியை ஏற்றும்போது முதலாளி அவனை மதிப்பதில்லை. வண்டியை ஓட்டுகிறவர் ராமாபுரத்துப் பழனிச்சாமி. முதலாளி வெற்றிலை துப்பப் போன நேரம் பார்த்து அவர் என் மேஜையருகே வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஸ்டீரிங்கத் திருப்புனா வண்டி கேக்கறதில்லீங்க. கால் சுத்து சுத்துன பொறவுதான் 'என்னையா கூப்புட்டே?'ங்குது. சரக்கோட அந்தக் காவேரிக் கல்லுப் பாலத்துல ஏறுனா உசுரு கையில இல்லீங்க. ரெண்டு வாட்டி முதலாளிகிட்டச் சொல்லிப் பாத்தனுங்க. இன்னொருக்கா வாயத் தொறந்தா வேற டிரைவரப் பாத்துக்கறேன்னுட்டாரு. மூணு புள்ளைங்க இருக்குது. நாஞ் சொன்னேன்னு எழுதிப் போடாதீங்க."

ஆக, விஷயம் இதுதான்: 'வண்டி நன்று' என்று சீட்டுப் போனால் வெள்ளிக்கிழமைச் சரக்கோடு அவர் அந்தப் பாலத்தில் ஏற வேண்டும். மாட்டேனென்றால் வேலை போய்விடும்.

வண்டியைத் தூக்கினோம். சக்கரத்தை அசைத்தேன். டொக், டொக் என்றது. கிங்பின்னும் தேய்ந்திருந்தது, இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் தண்டின் மூட்டுகளும் தேய்ந்திருந்தன. காதர் பாய் அளந்து பார்த்து, "ரெண்டு விரல் ஆட்டம்" என்றார். முதலாளியைக் கூப்பிட்டு அவர் கையாலேயே அசைக்கச் சொன்னேன். அசைத்தார். டொக், டொக். அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. "ஆட்டினா எதும்மா ஆடாது? எனக்குக்கூட முன்பல் ரெண்டு ஆடறது. அதுக்காக நான் ஊட்டா சாப்பிடாம இருக்கேனா?"

நியாயமான தேய்மானம்

மறுநாளும் முதலாளி வந்தார், சீட்டுக்காக. நான் சும்மா இருப்பேனா? முன் டயர்களைக் காட்டினேன். யுத்த காலத்தில் டயர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு டயரும் உள்பக்க ஓரத்தில் மொட்டையாகிவிட்டிருந்தன. "சக்கரம் சாய்ந்து ஓடுவதற்கு இதுதான் சாட்சி" என்றேன்.

அது தனக்கும் தெரியும் என்றார். அதற்கு வைத்தியமும் வைத்திருக்கிறாராம். பழனிச்சாமியை விட்டு டயரைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டச் சொல்லியிருக்கிறார். அப்போது நல்ல ஓரமும் தேய்ந்துவிடுமே என்று நான் கத்தினேன். அதற்குத்தானே மாட்டுவது என்றார். அரை மணி நேரம் வாதாடினேன். காரணம், காரியம் என்று வகுப்பில் படித்ததையெல்லாம் எடுத்து வைத்தேன். அவர் தொடையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார்: "ஒரு பக்கம் மட்டும் தேஞ்சா அது நஷ்டம்மா. ரெண்டு பக்கமும் தேஞ்சா நியாயமான தேய்மானம்!"

சித்தப்பாவின் பாடம்

'வண்டி நன்று' என்று எழுதிக் கொடுத்துவிடு என்றார் சித்தப்பா. முதலாளி போனால் அவரோடு மண்டித் தெரு முழுவதும் போய்விடுமாம். பாலத்தில் போகப்போவது பழனிச்சாமி அல்லவா என்றேன். அவன் பத்து வருஷமாகப் போகிறவன், நீச்சல் தெரிந்தவன் என்றார். நீச்சல் தெரிந்தவன் என்பது ஸ்டீரிங்குக்கு எப்படிப் பதிலாகும் என்று கேட்டேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கழற்றினார். "நீ எழுதறது பரீட்சை இல்லேடி, சீட்டு. பரீட்சையிலதான் உண்மையை எழுதணும்!"

சீட்டு

எழுதினேன். வேறு வேலை அவசரத்தில் சித்தப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தமிழில் சொன்னால் அதில் இருந்தது இவ்வளவுதான்: "முன் சக்கரங்கள் இரண்டு விரல் அளவு ஆடுகின்றன. சொந்தக்காரர் தம் கையாலேயே அசைத்துப் பார்த்தார். தம் முன்பல்லும் அப்படித்தான் ஆடுவதாகவும், அதனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றும் தெரிவித்தார்."

முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. மண்டிக்கு எதிர்வீட்டிலிருக்கும் ரிடையர்டு போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் நல்ல குரல்வளம் உள்ளவர். வாசலில் நின்று உரக்கப் படித்து, மூட்டை தூக்குகிறவர்களுக்கும் புரியட்டும் என்று ஊர்ப் பாஷையான கன்னடத்தில் வேறு பெயர்த்துச் சொல்லிவிட்டார்.

அரை மணியில் முதலாளி என் மேஜைக்கு முன்னால் நின்றார். "என் பல்லை ஏம்மா சர்க்காருக்கு எழுதினே?" எழுதியதில் பொய் எது, சக்கரமா பல்லா என்று கேட்டேன். சக்கரம் இருக்கட்டும், பல்லை மட்டும் எடுத்துவிடு என்றார். "கிங்பின்னும் மூட்டுகளும் மாற்றினால் இரண்டையும் எடுத்துவிடுகிறேன்" என்றேன். அவர் வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பழனிச்சாமி ஆகாயத்தைப் பார்த்தார். கடைசியில் முதலாளி, "மாத்தித் தொலைங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பாவிடம் திரும்பினார். "சாமி, இந்தப் பொண்ணுக்குச் சீக்கிரம் ஒரு மாப்பிள்ளை பாருங்கோ. வியாபாரம் பிழைக்கும்."

பழைய ஆட்டம்

யுத்த காலத்தில் புது கிங்பின்னுக்கு எங்கே போவது? காதர் பாய் ஒரு பழைய ஆக்ஸில் துண்டை லேத்தில் கடைந்து ஆணி செய்தார், ஆணியைச் சுற்றிப் பித்தளையில் புஷ் போட்டார், மூட்டுகளை மாற்றினார், கிரீஸை வழிய வழிய அடைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் பழனிச்சாமி வண்டியை ஓட்டிப் போனார். வண்டி பாலத்தை எட்டவில்லை. மண்டி வாசலிலேயே இடது பக்கத் தூணில் முட்டி நின்றது. பத்து வருஷமாகக் கால் சுற்று முன்கூட்டியே திருப்பிப் பழகிய கை, அன்றும் திருப்பிவிட்டது. அன்றைக்கு வண்டி உடனே கேட்டுவிட்டது.

"இறங்குடா கீழே!" என்று முதலாளி அங்கேயே அவரை வேலையிலிருந்து நீக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வண்டியை ஓட்டிப் பழகிய தம் மைத்துனரை ஏற்றினார். மைத்துனர் மீசையை முறுக்கிக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஒரே திருப்பில் வலது பக்கத் தூணில் முட்டினார். மைத்துனரை வீட்டைவிட்டு நீக்க முடியாது. அதனால் பழனிச்சாமியின் வேலையும் தப்பியது.

மூன்று பேரும் நசுங்கிய மட்கார்டோடு கொட்டகைக்கு வந்தார்கள். பழனிச்சாமி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சொன்ன ஒடனே கேக்கற வண்டிய நான் ஓட்டுனதே இல்லீங்க அம்மிணி. ரெண்டு நாள் குடுங்க, கை பழகிக்கும்." முதலாளிக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு வாதத்தைத் தொடங்கினார். என் வாத்தியார் கேட்டிருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பார். "ஒருத்தன் முட்டினா டிரைவர் தப்பு. ரெண்டு பேரும் முட்டினா வண்டி தப்பு. கழட்டின அந்தப் பழைய ஆட்டத்தைப் பத்திரமா வெச்சிருப்பீங்க அல்லவா? அதையே திரும்ப மாட்டிக் கொடும்மா!"

மட்கார்டை மட்டும் நிமிர்த்திக் கொடுத்தோம். பழனிச்சாமி இப்போது பாலத்தை நேராகக் கடக்கிறார். நல்ல வண்டியை நாங்கள் கெடுத்துவிட்டோம் என்று முதலாளி மண்டித் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், அந்தத் தெருக்காரர்களும் அதை நம்பிக்கொண்டே எங்கள் கொட்டகைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார்கள்.