"குழியில யாரு?"

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவர், மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூச்சு வாங்கப் படியேறித்தான் வருவார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

கம்பெனி அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இனி கிரீஸ் கையோடு அலைய வேண்டாம். ஏசி அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று பார்த்து ஆள் அனுப்பினால் போதும். நான் பூரித்துப்போய் அக்கம்பக்கத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்தேன். அந்த அறையில் பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

சில மாதங்களில் மனிதர் வற்றிப்போனார். சட்டை மட்டும் அழுக்காகாமல் வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். லீவு நாளில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். கேட்டால் "ஒண்ணுமில்ல." டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனால் அங்கேயும் "கேஸ் ட்ரபுள், டாக்டர்." வயிறு என்று ஒன்று இல்லாவிட்டால் இந்த ஆம்பளைகள் மனக்கஷ்டத்தை எங்கேதான் ஒளித்து வைப்பார்களோ!

ஒரு லீவு நாள் காலையில், படுத்தபடியே, "நான் இல்லாட்டியும் நீயும் பொண்ணும் சமாளிச்சுக்குவீங்க" என்றார். கடையில் உப்பு வாங்கி வரச் சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். உடனே அவருடைய பழைய கூட்டாளி மூக்கனுக்குப் போன் போட்டு அழுதேன். மூக்கன் பட்டப்பெயர்தான், ஆளைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

போட்டது போட்டபடி மூக்கன் வந்தார். கூடவே அவர்களோடு வேலை பார்க்கும் வெல்டரும் வக்கீலும். வக்கீல் கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்த பெயர் அது. என் வீட்டுக்காரரை எழுப்பிக் கூடத்தில் உட்கார வைத்தேன். பேசினார்களே ஒரு பேச்சு! வெயில், பைக் டயர், மேனேஜரின் வழுக்கை. இங்கே ஒரு மனிதன் மூழ்கிக்கொண்டிருக்கிறான், இவர்கள் வழுக்கையை ஆராய்கிறார்களே என்று சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டீ குடித்தார்கள். "அப்ப வர்றோம் மச்சான்" என்று கிளம்பியும் விட்டார்கள். இவர் பழையபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இறங்கிய செருப்புச் சத்தம் பாதிப் படியில் நின்றது. கட்டடமே அதிரும்படி மூக்கன் கத்தினார்: "குழியில யாரு?"

அது அவர்கள் தொழிலில் உள்ள முறை. லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். ஒருத்தர் அதில் இறங்கி வேலை செய்வார். மற்றவர்கள் உச்சியில் மெஷின் ரூமில் இருப்பார்கள். சுவிட்சில் கை வைக்கும் முன் இப்படிக் குரல் கொடுக்க வேண்டும். "நான் இருக்கேன்" என்று பதில் வந்துவிட்டால், அவர் வெளியே வந்து தன் வாயால் "ஏறிட்டேன்" என்று சொல்லும்வரை ஒருத்தரும் இடத்தைவிட்டுப் போகக் கூடாது, டீ குடிக்கக்கூட.

மூக்கன் மறுபடி கத்தினார். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அப்போது சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, இத்தனை வருடப் பழக்கத்தில் நாக்கு தானாகப் புரண்டதோ என்னவோ, இவர் குரல் கம்மலாக வந்தது.

"நான் இருக்கேன்டா."

செருப்புகள் தடதடவென்று மேலே ஏறி வந்தன. மூவரும் கட்டிலில் அவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் நானும் இப்படித்தான் கெடந்தேன் மச்சான். டாக்டர்கிட்ட போனேன். மாத்திரை குடுத்தாரு, பேசவும் வெச்சாரு. உங்ககிட்ட சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு." வக்கீல்கூட அதை மறுத்துப் பேசவில்லை. மறுநாள் வெல்டரே தான் பார்த்த டாக்டரிடம் இவரை அழைத்துப்போனார். இந்தத் தடவை கேஸ் ட்ரபுள் பேச்சே எழவில்லையாம்.

அதன்பிறகு மூவரும் முறை வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை அந்த ஏசி அறைக்கே எடுத்துப்போய் இவரோடு சாப்பிட்டார்கள். நாற்காலியெல்லாம் கிரீஸ் என்று மேனேஜர் குதித்தார். வக்கீல் விடவில்லை. அவர் வாதாடியதில் கம்பெனியே சலித்துப்போய் இவரைப் பழைய வேலைக்கு அனுப்பிவிட்டது. சட்டை மறுபடி அழுக்காகி வருகிறது. திட்டிக்கொண்டேதான் துவைக்கிறேன், ஆனால் அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.

லீவு நாளில் மூவரும் தவறாமல் வந்துவிடுவார்கள். "அவர் நல்லாத்தானேண்ணா இருக்கார், எதுக்கு இப்படி அலையறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் இன்னும் ஏறிட்டேன்னு சொல்லலையே, தங்கச்சி" என்றார் மூக்கன். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிக் காத்திருப்பார்களா, தெரியாது. எந்த ஜென்மத்துப் புண்ணியமோ, எனக்கு மூன்று அண்ணன்கள் கிடைத்தார்கள்.

போன வாரம் அவர்கள் வரும் நேரத்தில் இவரிடம் மெல்லக் கேட்டேன்: "நல்லா சாப்பிடறீங்க, நல்லா தூங்கறீங்க. ஏறிட்டீங்கதானே? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமில்ல?"

"ஏறி ரொம்ப நாளாச்சு" என்றார். கீழே செருப்புச் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லிட்டா அவனுங்க வரமாட்டானுங்களேடி."

"அப்ப சொல்லவே சொல்லாதீங்க" என்றேன், ஐந்து பேருக்கு டீ வைக்க எழுந்துகொண்டே.