ஏழாம் எண் மேலே வந்துவிட்டது

என் மகளின் கபடி அணியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பனியனில் என்ன எண்ணோ அதுதான் பெயர். "எட்டு, தண்ணி பாட்டில எடு", "ஏய் மூணு, நகரு" என்றுதான் வேனுக்குள் சத்தம் கேட்கும். என் மகள் ஏழு. வீட்டுக்குப் போன் செய்யும் தோழிகள்கூட "அங்கிள், ஏழு இருக்காளா?" என்றுதான் கேட்பார்கள். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. போகப் போகப் பழகிவிட்டது.

போட்டி மலைமேல் செம்மேட்டில். முள்ளுக்குறிச்சி வழியாக விடியற்காலையில் மலையேறினோம். பெண்கள் பள்ளி வேனில் போனார்கள், நான் பின்னால் என் காரில். மகள் விளையாடப் போகும் எல்லா ஊர்களுக்கும் நான் இப்படித்தான் போவேன். மைதானத்தைப் பார்ப்பேன், தரையில் கல் கிடக்கிறதா என்று காலால் தடவிப் பார்ப்பேன், பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே என்று விசாரிப்பேன். பி.டி. டீச்சர் என்னை 'முதலுதவிப் பெட்டி' என்று கிண்டல் செய்வார். "முதலுதவிப் பெட்டி வந்துருச்சு, இனி தைரியமா கீழ உழுவுங்கடி" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். என் மகள் மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள்.

காலை ஆட்டங்களில் ஜெயித்தார்கள். அரையிறுதி சாயங்காலம். இடையில் சில மணி நேரம் இருந்தது. மலைக்கு வந்துவிட்டு ஆகாய கங்கை அருவியைப் பார்க்காமல் போவதா என்று பெண்கள் ஆரம்பித்தார்கள். படகு இல்லத்துக்குப் போகலாம், அதுதான் பக்கம், உட்கார்ந்தே பார்க்கலாம் என்று நான் சொன்னேன்.

"ஏனுங்க சார், படகு எங்கூர் ஏரியிலயும் உடறாங்களே" என்றாள் பத்தாம் எண். அதோடு என் யோசனை முடிந்தது.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் வேன் நின்றது. அருவிக்கு இறங்கும் படிகள் மலைச்சரிவில் மரங்களுக்கிடையே எங்கேயோ போய் மறைந்தன. எனக்கு முழங்கால் தேய்மானம். நான் மேலேயே நின்றுகொண்டேன். டீச்சரும் கீழே போகவில்லை, ஆனால் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: "பாத்துட்டு வந்துரணும். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. எவளுக்காவது சதை புடிச்சுதுன்னா, சாயங்காலம் வெளியதான் உக்காரணும். எங்கிட்ட அழுது பிரயோஜனமில்ல."

பன்னிரண்டு பேரோடு இன்னொரு பெண்ணும் போனாள். போன வாரப் பயிற்சியில் அவளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருந்தாள். ஆடப் போவதில்லை என்பதால் அவளுக்குப் பனியன் இல்லை. சும்மா கத்துவதற்காக வந்திருந்தாள். என் மகளின் நெருங்கிய தோழி.

அவர்கள் இறங்கிச் சிறிது நேரத்திலேயே மலையின் மேல்பக்கம் கறுத்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். ஆனால் மேலே மழை பெய்தால் அருவிக்கு வரும் என்று எனக்குத் தெரியும். படிவாசலில் நின்ற காவலரிடம் போனேன். வயதில் என்னைவிடச் சிறியவர், மலைக்காரர்.

"மேல மழ புடிச்சிருச்சுங்க" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "கீழ ஆளு இருக்குறாரு. விசில் ஊதி எல்லாரையும் ஏத்தி உடுவாரு. பயப்படாதீங்க சாமி."

விசில் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். குடும்பங்கள், ஒரு கல்லூரிக் கும்பல், பிறகு எங்கள் பெண்கள், இரண்டு மூன்று பேராக. மழை இப்போது இங்கேயும் வந்துவிட்டது. எல்லோரும் தலையில் துண்டையும் பையையும் பிடித்தபடி நேராக வேனுக்குள் ஓடினார்கள். டீச்சர் வேன் கதவில் நின்று வழக்கம்போல எண்களைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு!" "இருக்கேன்!" "ரெண்டு!" "இருக்கேன்!"

நான் மழையில் நின்றே கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏழு!" என்றதும் "இருக்கேன்!" என்று குரல் வந்தது. வேனின் கடைசி இருக்கையில் ஏழு என்று எழுதிய முதுகைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் மூச்சு அப்போதுதான் ஒழுங்காக வந்தது.

"எங்க புள்ளைங்க எல்லாரும் வந்தாச்சுங்க" என்று டீச்சர் காவலரைப் பார்த்துக் கத்தினார். கீழே இருந்த காவலரும் மேலே வந்து சேர்ந்துவிட்டார். படிவாசலைச் சாத்தினார்கள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அரையிறுதிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போகிற வழியில் சாப்பிடட்டுமே என்று மிளகாய்ப்பொடி போட்ட அன்னாசித் துண்டுகள் வாங்கி வைத்திருந்தேன். அதைக் கொடுப்பதற்காக ஓடிப்போய்க் கடைசி ஜன்னலைத் தட்டினேன். ஏழாம் எண் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். திரும்பினாள்.

என் மகள் இல்லை. மணிக்கட்டில் கட்டுப் போட்ட அந்தப் பெண்.

அவள் முகம் அழுகையில் கோணிக்கொண்டு போனது. ஜன்னலைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. டீச்சர் எழுந்து வந்து ஜன்னலைத் திறந்து கேட்டபோதுதான் சொன்னாள். ஏறும்போது என் மகளுக்குத் தொடையில் சதை பிடித்திருக்கிறது. டீச்சருக்குத் தெரிந்தால் ஆடவிட மாட்டார். டி-சர்ட்டுக்கு மேல் போட்டிருந்த பனியனைக் கழற்றி இவளிடம் கொடுத்து, "நீ போட்டுட்டுப் போயி ஏழுக்குக் குரல் குடு, நான் பின்னாலயே வந்துர்றேன்" என்று அனுப்பிவிட்டாள்.

"எங்க இருக்கா?" என்றேன்.

"விசில் ஊதறவரு கண்ணுல படாம மறுபடி தண்ணிக்குப் போனா அங்கிள். காலத் தண்ணியில வெச்சா சரியாயிரும்னு…"

கபடிப் பெண்களுக்கு எல்லா வலிக்கும் ஒரே மருந்துதான். அடிபட்டால், பிசகினால், பிடித்துக்கொண்டால் உடனே குளிர்ந்த தண்ணீர். மைதானத்து ஓரத்தில் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவள் அந்த அருவித் தண்ணீரை வாளி என்று நினைத்துவிட்டாள்.

நான் படிவாசலுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. காவலர்கள் இருவரும் முதலில் நம்பவில்லை. "எல்லாரும் வந்துட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்களேங்க" என்றார் மலைக்காரர். அதற்குள் மற்றவர் வாசலைத் திறந்து ஓடத் தொடங்கிவிட்டார். நானும் இறங்கினேன். "நீங்க வேண்டாமுங்க, வழுக்கும்" என்று யாரோ கத்தினார்கள். படிகளில் தண்ணீர் சின்ன ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து அடுத்த காலை இழுத்து, மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கீழிருந்து வந்த இரைச்சல் அப்படி. மகளே திரும்பக் கத்தினாலும் கேட்காது என்று அப்போதுதான் உறைத்தது.

அருவி தெரிந்த திருப்பத்தில் நின்றுவிட்டேன். காலையில் யாரோ போனில் காட்டிய படத்தில் வெள்ளையாக விழுந்த தண்ணீர் இப்போது சேற்று நிறத்தில் இருந்தது. முழுக் கிளைகள் வந்துகொண்டிருந்தன. ஆட்கள் உட்கார்ந்து துணி மாற்றும் பாறைகள் எங்கே என்றே தெரியவில்லை. என் பின்னால் வந்த மலைக்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் நான் போயிருப்பேன்.

முன்னால் ஓடியவர் கரையோரமாகப் போய் விசிலை ஊதினார். நின்றார். காது கொடுத்தார். மறுபடி ஊதினார். பிறகு தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேலே சரிவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அவள் மரத்து வேர்களுக்கு நடுவே, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கைகள் இரண்டும் மண். தண்ணீரில் சருகுகள் வரத் தொடங்கியதைப் பார்த்து, நடக்க முடியாமல், கையாலேயே வேர்களைப் பிடித்து ஏறியிருக்கிறாள். படிக்கு வரும் வழியில் தண்ணீர் புகுந்துவிட்டது. அவர் இடுப்பளவு புதருக்குள் போய் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, உங்கப்பா வந்திருக்காரு பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். படியில் இறக்கிவிட்டார்.

உதடு நீலமாக இருந்தது. பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர்ட்ட சொல்லிட்டீங்களாப்பா?"

நான் அவள் முழங்கையிலிருந்த மண்ணைத் துடைத்தேன்.

மேலே வந்ததும் டீச்சர் அவளைத் திட்டவில்லை. தன் துப்பட்டாவால் அவள் தலையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என்னிடம், "நம்பரத்தான் எண்ணுனேன் சார். மூஞ்சியப் பாக்கல" என்றார். நானும் நம்பரைத்தான் பார்த்தேன் என்று சொன்னேன்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். அவள் வர மறுத்துவிட்டாள். செம்மேட்டில் மழை விட்டிருந்தது. ஆடுகளத்தில் மரத்தூள் கொட்டிக் காயவைத்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். மகள் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் வழக்கமாக நிற்கும் மூலையில் நின்ற பெண் இரண்டு முறை பிடியைத் தவறவிட்டாள். ஒவ்வொரு முறையும் என் மகள் "காலப் புடி, காலப் புடி" என்று எழப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தாள். கடைசியில் தோற்றார்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லோரையும்விட என் மகள்தான் அதிகம் அழுதாள். அருவியில் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாதவள்.

எனக்கு அழுகை வரவில்லை. தோற்றதே மனதில் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியையும் காதையும் கன்னத்தையும், முதல்முறை பார்ப்பவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா" என்றாள், களத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கைய விடுங்க. வலிக்குது."

அவள் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. விட்டேன். இறுதியாட்டமும் ஆகி, பரிசு கொடுக்கும் பேச்சு முடிவதற்குள், எப்படி என்று தெரியாமல், மறுபடியும் பிடித்திருந்தேன். இந்தத் தடவை அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.